கிளாம்ப் போட்ட பகல்

முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடம். ஆடி மாதம். குற்றாலத்தில் கொட்டியது போக மிச்சமான சாரல், வெயிலை நிறுத்தாமலே, திருநெல்வேலியின் மேல் தூவிக்கொண்டிருக்கிறது. காற்று அடிக்கும்போதெல்லாம் ஜன்னல் கம்பிகளில் தங்கிய துளிகள் என் கட்டிலின் விளிம்புவரை வந்து விழுகின்றன. ஜெசிந்தா சிஸ்டர் குனிந்து, என் அடிவயிற்றின் வலப்பக்கத்திலிருந்து வெளியே வரும் குழாயை இரண்டு விரல்களால் நீவி, வெள்ளை கிளாம்பை அதன்மேல் தள்ளி, 'டிக்' என்று மூடினாள். ரசாயனக் கூடத்தில் பியூரெட்டின் திருகை மூடும்போது வரும் சத்தத்தைவிடச் சிறிய சத்தம். "இனி இது வழியா வராதும்மா. கீழ வழியாத்தான் இறங்கணும்" என்றாள். இறங்கணும். யார் யாரிடம் சொல்வது? உள்ளே இருப்பது என் கணவர் பால்வண்ணத்தின் சிறுநீரகம். பங்குனியில் அவரிடமிருந்து எடுத்து எனக்குள் வைத்தார்கள். அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அதிலிருந்து மூத்திரப்பைக்கு இறங்கும் மெல்லிய குழல், பையோடு சேர்த்துத் தைத்த இடத்தில் சுருங்கிவிட்டது. இறங்க வழியின்றித் தேங்கிய நீரில் சிறுநீரகம் வீங்க, அது கெட்டுப்போகாமலிருக்கத் தோலைத் துளைத்து இந்தக் குழாயைச் செருகி, வெளியே ஒரு பைக்குள் வடியவிட்டார்கள். அப்புறம் சுருங்கிய இடத்துக்குள் பலூன் செலுத்தி விரித்தார்கள். விரிந்தது விரிந்தபடி இருக்கிறதா, மறுபடி சுருங்கிக்கொண்டதா என்று பார்ப்பதற்குத்தான் இன்றைய பகல். டாக்டர் மன்சூர் காலையில் வந்து, பேனாவால் தன் உள்ளங்கையில் தட்டிக்கொண்டே சொன்னார்: "சாயங்காலம் வரைக்கும் தாங்கிட்டா நாளைக்குக் காலையில குழாயை உருவிட்டு வீட்டுக்குப் போயிரலாம் மேடம். தாங்கலைன்னா, நாளைக்கு ஆபரேஷன் தியேட்டர் எடுத்து வச்சிருக்கேன், திறந்துதான் சரி பண்ணணும்." போகத் திரும்பியவர் நின்று, "ஒண்ணு சொல்லணும். மாத்தி வச்ச கிட்னிக்கு நரம்புத் தொடர்பு கிடையாது. கல்லடைப்பு மாதிரி துடிச்சுக் கத்த வைக்காது. லேசா ஒரு கனம், குழாயைச் சுத்தி ஈரம், அவ்வளவுதான் தெரியும். வலி வரட்டும்னு பொறுத்துக்கிட்டு இருக்காதீங்க. தேங்குனதுல கிருமி சேர்ந்து ரத்தத்துல ஏறுச்சுன்னா, இந்தக் கிட்னியை உடம்பு ஒதுக்காம இருக்க நீங்க சாப்பிடுற மாத்திரையால, உங்க உடம்பு கிருமியை எதிர்த்து நிக்காது. எதுன்னாலும் உடனே சொல்லுங்க" என்றார். பொறுத்துக்கிட்டு இருக்காதீங்க. ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் இப்படிச் சொல்கிறார்.

"வலிக்கா?" இது என் கணவர். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், முதுகு வளையாமல், துணை மின்நிலையத்தில் மீட்டர்களுக்கு முன்னால் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பது போலவே. "இல்லை" என்கிறேன். "லோடு ஏத்திப் பாக்காங்க, அவ்ளோதான். எடுத்துக்கிடும்" என்கிறார். யாருக்குச் சொல்கிறார்? எனக்கா, அதற்கா? அவர் கண் என் முகத்தில் இல்லை, கட்டிலின் கம்பியில் தொங்கும் பையில் இருக்கிறது. பை, பைக்கு மேல் ஒரு பை. மூத்திரப் பையை நாலு பேர் பார்க்கக் கூடாது என்று மதினி, அவருடைய அக்கா ஆவுடையம்மாள், ஒரு மஞ்சள் துணிப்பையைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அவள் மகன் கல்யாணத்துத் தாம்பூலப் பை. மணமகன் பெயரும் மணமகள் பெயரும் ஒரு குத்துவிளக்கும் சிவப்பில் அச்சிட்டிருக்கும். அந்தக் கல்யாணத்துக்கு என்னால் போக முடியவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு வாரமாக அவர்கள் பெயரைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடக்கிறேன், உள்ளே என் மூத்திரம் தளும்ப. எதிரே வருகிறவர்கள் எங்கேயோ விசேஷ வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. கையில் ஊசி, முகத்தில் முகமூடி, காலில் ரப்பர் செருப்பு, நல்ல விசேஷம். ஆனால் அவர் பையைப் பார்க்கிற பார்வையில் கூச்சம் இல்லை. தேர்வு முடிவு ஒட்டிய பலகையில் தன் எண்ணைத் தேடும் பையனைப் போலப் பார்க்கிறார். இரண்டு வருஷம் நான் டயாலிசிஸுக்குப் போன கூடத்தில் அம்மா மகனுக்குக் கொடுத்தாள், மனைவி கணவனுக்குக் கொடுத்தாள், அக்கா தம்பிக்குக் கொடுத்தாள். கணவன் மனைவிக்குக் கொடுத்து அங்கே ஒருவரும் பார்த்ததில்லை. ஆகவே அவர் தெய்வமாகிவிட்டார். அவர் கேட்காமலே ஆக்கினார்கள். "கும்பிட்டுக்கோ, இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும்" என்றார்கள், கும்பிடாமல் படுத்திருந்த என்னைக் கொஞ்சம் சந்தேகத்தோடும் பார்த்தார்கள். மனைவி கொடுத்த கணவர்களிடம் யாராவது கும்பிடச் சொன்னார்களா? சொல்லிக் கேட்டதில்லை. அவருக்கும் இந்தக் கும்பிடு பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெய்வமாக்கப்பட்டவருக்கு இப்போது ஒரு கஷ்டம்: கொடுத்த பொருளில் பழுது என்று தனக்குள்ளே தீர்மானித்துவிட்டார். குழல் சுருங்கியது தையலின் தவறுகூட இல்லை, சிலருக்கு அந்த நுனிக்கு ரத்தம் போதாமல் இப்படி ஆவதுண்டு என்று டாக்டர் விளக்கியபோது தலையாட்டினார். வராந்தாவுக்கு வந்ததும், "நம்மதுல வந்த கோளாறுதானே" என்றார். நம்மது. அந்த 'நம்ம'வில் நான் இல்லை.

தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், போய்க்கொண்டே இருக்க வேண்டும். வேடிக்கைதான். எங்கள் மகளிர் கல்லூரியில் ஆசிரியைகளுக்கு ஒரே ஒரு கழிவறை, அதுவும் தாவரவியல் தோட்டத்துக்குப் பின்னால், சாவி அட்டெண்டரிடம். ஆகவே நாங்கள் காலை காப்பியோடு சரி, மாலை வீடு திரும்பும்வரை தொண்டையை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வோம். மூன்று மணி நேரத் தேர்வு மேற்பார்வையில் நின்றுகொண்டே அடக்குவது ஒரு வித்தை. இடது காலில் எடை, பிறகு வலது காலில், மனதுக்குள் தனிம அட்டவணையை ஹைட்ரஜனிலிருந்து சொல்லிக்கொண்டே போனால் நிக்கல் வருவதற்குள் அந்த நெருக்கடி தணிந்து ஒரு மந்தமான சமாதானம் வந்துவிடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் நெளிவதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம், "பழகிரும்மா" என்போம். பழகிவிடுகிறதுதான். எதுதான் பழகாது? என்னைப் பெண்பார்க்க வந்த அன்று என் அம்மா சொன்ன ஒரே புகழ்ச்சி, "எங்க செம்பகம் பொறுமைசாலி, முள்ளு குத்துனாக்கூட மூச்சு விட மாட்டா" என்பது. செண்பகவல்லி என்ற என் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்.ஸி. சேர்ந்தது, எம்.ஃபில். சேர்ந்தது, அந்தப் பொறுமைசாலி மட்டும் ஒரு பட்டமாக யாரும் எழுதாமலே முன்னால் நின்றது. கால் வீங்கியபோது பொறுத்தேன், முகம் வீங்கியபோது பொறுத்தேன், வகுப்பில் மூச்சுத் திணறி மேசையைப் பிடித்துக்கொண்ட அன்றுதான் ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகங்கள் இரண்டும் முடிந்துவிட்டன. டயாலிசிஸில் போகப் போக மூத்திரமே வருவதில்லை. அது யாருக்கும் தெரியாத ஒரு துக்கம். உடம்பு ஒரு வேலையை மறந்துவிடுவது. இரண்டு வருஷம் நான் கழிவறைக்குள் சும்மா போய், சும்மா உட்கார்ந்து, சும்மா வந்திருக்கிறேன். மாற்று அறுவை முடிந்து கண் விழித்தபோது கட்டிலுக்கடியில் பையில் சொட்டுச் சொட்டாக, பிறகு ஒழுக்காக, மஞ்சள் நிறம். "வந்துட்டும்மா, வந்துட்டு!" என்று கத்தியவள் இதே ஜெசிந்தாதான். சுவருக்கு அந்தப் பக்கம் வயிற்றில் கட்டோடு படுத்திருந்த அவருக்கும் அது கேட்டதாம். என்ன வந்துவிட்டதென்று தெரியாமலே, பக்கத்துக் கட்டில்காரரிடம் "என் வீட்டுக்காரிக்கு வந்துட்டாம்" என்றாராம். பிள்ளை பிறந்த சேதி போல.

போய்வந்தேன். குடுவையில் பிடித்து ஜெசிந்தாவிடம் காட்ட வேண்டும். காட்டினேன். "கொஞ்சந்தான் இருக்கு. இன்னும் வரும்மா" என்றாள். சிரித்தாள், ஆனால் வழக்கமாகச் சிரிப்பதைவிட அரைக்கணம் கழித்துச் சிரித்தாள். அந்த அரைக்கணத்தை ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்? அவளுக்கு இன்னும் எத்தனையோ கட்டில். இறங்குகிறது, ஏதோ இறங்குகிறது. உள்ளே இருட்டில் ஒரு சுருங்கிய வளையம், அதற்கு மேல் காத்திருக்கும் நீர், ஒவ்வொரு சொட்டாக நுழைந்து பார்க்கிறது. பியூரெட்டைத் திறந்துவைத்து, கூம்புக் குடுவையை இடதுகையால் சுழற்றி, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டுக்காகக் கண் இமைக்காமல் நிற்பதுபோல. நிறம் மாறுவதற்கு முந்தைய சொட்டுவரை எதுவுமே நடக்காதது போலத்தான் இருக்கும். "வலிக்கா?" "இல்லை." உண்மையிலேயே இல்லை.

பார்வையாளர் நேரம் தொடங்கியதும் முதல் ஆளாக மதினி வந்தாள். அவளுக்கு முன்னால் அவள் குரல் வந்தது. "ஏளா செம்பகம், கண்ணத் தொறந்து பாரு யாரு வந்துருக்கான்னு." முகமூடி தாடையில் கிடந்தது. "மூக்கு மேல போடுங்க மதினி" என்றேன். "ஆமா, என்னைய எட்ட நிறுத்ததுலயே இரு" என்று இழுத்துவிட்டுக்கொண்டு, கூடையிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நெருஞ்சி முள்ளு, வாழத்தண்டு, மூக்கிரட்டை, எல்லாம் போட்டு விடியக்காலம் எந்திச்சு வத்தக் காச்சுனது. குடிச்சிரு. அடைப்பு கிடைப்பு எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டுப் போயிரும்." "இது கல்லு இல்லை மதினி, தைச்ச இடம் சுருங்கியிருக்கு. அதில உள்ள உப்பு எனக்கு ஆகாது, மாத்திரையோடயும் மோதும்." "எல்லாம் ஒண்ணுதாம்ளா. எங்க வீட்டுல அவுகளுக்குக் கல்லு வந்தப்ப மூணே நாளுதான் குடிச்சாக, முத்து முத்தா விழுந்துட்டு." அவர் தரையைப் பார்த்தபடி, "அங்கன வையி அக்கா, டாக்டர்ட்ட கேட்டுக்கிடுவோம்" என்றார். "டாக்டரு என்ன சொல்லுவாரு, வேண்டாம்பாரு." "அப்போ வேண்டாம்தான் மதினி" என்றேன். பக்கத்துக் கட்டில் திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மதினி கெட்டவள் இல்லை; விடியுமுன் எழுந்து முள்ளைப் பொறுக்கி இடித்த கை அது, விரல் நுனியெல்லாம் கீறல். அந்தக் கீறலைப் பார்த்துவிட்டால் ஒரு வாய் குடித்துவிடத் தோன்றும், அப்படித்தான் நாம் எல்லாவற்றையும் குடித்துவிடுகிறோம். நான் பார்வையை எடுத்துக்கொண்டேன். அவள் யாரையும் பார்க்காமல், மஞ்சள் பையின் சுருக்கத்தை நீவிவிட்டபடி சொன்னாள்: "எந் தம்பி உடம்புல இருந்த வரைக்கும் அது ஒரு தொந்தரவு குடுத்ததில்ல." சாரல் நின்று வெயில் மட்டும் அடித்தது. அவர் "அக்கா" என்றார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. இதை எனக்குப் பின்னால் எத்தனை வீடுகளில் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இன்று முன்னால் வந்திருக்கிறது, நல்லதுதான், முன்னால் வந்ததற்குத்தான் பதில் சொல்ல முடியும். "அவுக உடம்புல அது ரெண்டுல ஒண்ணா இருந்துச்சு மதினி" என்றேன். "இங்க ஒத்தையா நின்னு வேலை பாக்கு. அதைக் குத்தம் சொல்லாதீங்க." மதினி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

சாப்பிட்டேன். உப்பில்லாத சோறு, உப்பில்லாத சுரைக்காய். படுத்தேன். வலப்பக்கம் ஏதோ ஒன்று. வலி இல்லை. இதற்கு வலி என்று பெயர் வைக்க முடியாது. ஈரத் துணியை மடித்து வயிற்றின்மேல் வைத்தது போல ஒரு கனம். சோற்றின் கனமாக இருக்கலாம். சோறு இடப்பக்கம் அல்லவா? இவ்வளவு தண்ணீர் குடித்தால் எங்கேதான் கனக்காது. அவர் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். "நாளைக்குக் காலையில போகணும்னா இப்பவே எடுத்து வச்சாத்தானே" என்கிறார், மதினி போர்வையை உதறிக் கொடுக்க அவர் வாங்கி மடிக்கிறார், அக்காவும் தம்பியும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து எதிரெதிரே வந்து சேர்ந்து விலகுகிறார்கள். அவர் முகத்தில் பங்குனிக்குப் பிறகு இவ்வளவு லேசாக ஒன்றை நான் பார்த்ததில்லை. கனம் அப்படியே இருக்கிறது. கூடவில்லை. கூடியிருக்கிறதா? கையை மெல்ல உடைக்குள் விட்டேன். கட்டுப் போட்ட இடத்தின் ஓரத்தில் விரல் நனைந்தது. சாரல். ஜன்னல் வழியாகத் தெறித்த சாரல். சாரல் நின்று நேரமாகிவிட்டது, போர்வைக்குள் எப்படி வந்து விழும்? வியர்வை. ஆடிக் காற்றில் யாருக்கு வியர்க்கும்? தண்ணீர் குடிக்கும்போது சிந்தியிருக்கும். சிந்திய தண்ணீர் இளஞ்சூடாகவா இருக்கும்? விரலை முகர்ந்து பார்த்தேன். ரசாயனம் படித்தவள் முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு துண்டை எடுத்து மடித்து அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம் வரைக்கும்தானே. டாக்டர் வந்து "எப்படி இருக்கு?" என்பார். "ஒண்ணுமில்லை டாக்டர்" என்பேன். காலையில் குழாயை உருவிவிடுவார்கள். என் கணவர் இன்றிரவு தூங்குவார். மதினி வாயை மூடிக்கொள்வாள். மறுபடி அந்த விளக்குகளுக்குக் கீழே படுக்க வேண்டாம், முகத்தில் அந்த மயக்க மருந்துக் கிண்ணத்தைக் கவிழ்த்து எண்ணச் சொல்ல வேண்டாம், போன தடவை எண்ணியபோது எந்த எண்ணில் நான் இல்லாமல் போனேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை, அந்த நினைவில்லாமைக்குத்தான் நான் பயப்படுகிறேன், கத்திக்கு அல்ல. பழகிவிடும். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம். இடது காலில் எடை. நிக்கல் வருவதற்குள் தணிந்துவிடும். பெரிலியம், போரான். எவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு இது. உலகம்மாள் என்று ஒரு பெண், முதலாமாண்டு, கடையநல்லூர்ப் பக்கம். செய்முறை வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் அவள் நோட்டை நீட்டினாள். மூன்று அளவுகளும் தசமப் புள்ளிவரை ஒன்றேபோல். அவள் பியூரெட்டைப் பார்த்தேன், கழுவி வைத்தபடி காய்ந்து கிடந்தது. "மேடம், ஆன்சர் சரியாத்தானே மேடம் இருக்கு?" என்றாள், மிரட்சியோடு அல்ல, நியாயம் கேட்கிற குரலில். "ஆன்சர் சரி. நீ செய்தது எங்கே?" என்றேன். மறுபடி செய்ய வைத்தேன். அன்று அவளுக்கு வந்த அளவு கொஞ்சம் பிசகாகத்தான் வந்தது, அந்தப் பிசகுக்குத்தான் நான் முழு மதிப்பெண் போட்டேன். கண்ணுக்குத் தெரிந்ததை எழுது, வேண்டியதை எழுதாதே என்று இருபத்தைந்து வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னவளின் அடிவயிற்றில் ஒரு துண்டு நனைந்துகொண்டிருக்கிறது. துண்டு எடை கூடுகிறது. என் உடம்பில் எல்லாமே கத்தத் தெரிந்தவை. பல் கத்தும், மூட்டு கத்தும், கால் விரலில் கல் பட்டால் தலைவரை கத்தும். நான்தான் அவற்றின் வாயைப் பொத்திப் பொத்தி இங்கே கொண்டுவந்தேன். இது ஒன்றுக்கு மட்டும் வாயே கிடையாது. நரம்பை அறுத்துத்தான் கொண்டுவந்தார்கள். வீங்கினாலும் சொல்லத் தெரியாது, சாகும்போதும் சொல்லாது. பொறுமைசாலி. என்னைவிடப் பொறுமைசாலி. இரண்டு பொறுமைசாலிகள் ஓர் உடம்பில் இருந்தால் அந்த உடம்பு பிழைக்காது. ஒருத்தியாவது கத்த வேண்டும். அவர் போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "வலிக்கா?" என்றார், பதில் தெரிந்தவரைப் போல. இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அது இத்தனை வருஷத்தில் தன் வழியைத் தானே அறியும், நான் அதைப் பல்லால் கடித்து நிறுத்தினேன்.

"சிஸ்டர்!" என்றேன். வகுப்பின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரல், இன்னும் போகவில்லை. "சிஸ்டர்! குழாயைச் சுத்தி மூத்திரம் கசியுது! வலப்பக்கம் கனமா இருக்கு!" வார்டு திரும்பிப் பார்த்தது. ஆரஞ்சுப் பழங்களோடு வந்திருந்த யாருடைய மாமனாரோ திரும்பிப் பார்த்தார். மதினி, "ஏளா, மெல்ல" என்று கை நீட்டி என் வாயைப் பொத்த வந்தாள், வந்த கை பாதியில் நின்றது, ஏனென்றால் நான் துண்டை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதைப் பிடித்தாள். நனைந்திருந்தது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அருவருப்பு இல்லை, பயம், முதல்முதலாக என்னைப் பற்றிய பயம். "எம்மா" என்றாள். ஜெசிந்தா ஓடிவந்தாள், குனிந்தாள், 'டிக்' என்று கிளாம்பைத் திறந்தாள். தேங்கியிருந்தது பாய்ந்து வந்து மஞ்சள் பைக்குள் இருந்த பையில் விழும் சத்தம், வார்டு முழுக்க எல்லோருக்கும் கேட்கும்படியான சத்தம். கனம் இறங்கியது. அவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே நின்றார். மடித்த போர்வை கையில்.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் மன்சூர் மாலைக்குக் காத்திராமல் வந்தார். "சரியான நேரத்துல சொன்னீங்க. பலர் சொல்ல மாட்டாங்க, வீட்டுக்குப் போகணும்னு மறைச்சிருவாங்க. காய்ச்சலோட தூக்கிக்கிட்டு வருவாங்க" என்றார். அவர் ஒரு தாளை எடுத்துக் கட்டில் விளிம்பில் வைத்துப் படம் போட்டார். ஒரு பெரிய அவரை விதை, கீழே ஒரு கோடு, கோட்டின் நுனியில் ஒரு முடிச்சு. "இவர் கொடுத்த கிட்னி அருமையா இருக்கு, சார் கவலைப்படவே வேண்டாம். இந்த நுனிதான் செத்துப்போச்சு. அதை விட்டுருவோம். உங்க சொந்தக் கிட்னி வேலை செய்யலையே தவிர, அதோட குழல் உள்ளே நல்லபடியா இருக்கு, பிறந்ததுல இருந்து பையோட ஒட்டிக்கிட்டே இருக்கு, ரத்த ஓட்டத்தோட. அதை எடுத்து இவர் கிட்னியோட சேர்த்துருவோம். அவரோட கிட்னி, உங்க குழல்." பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தார். நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாக ஒரு சொட்டு இறங்காத என் குழல், யாரும் அதைப் பற்றி விசாரிக்காமல், எடுத்துப் போடவும் இல்லாமல், தன் இடத்தில் திறந்தே இருந்திருக்கிறது. சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கக் கூடாதென்று பொத்திக்கொண்டு சிரித்தேன். டாக்டர் போனதும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, முதுகு முதல்முறையாக வளைந்து, "மறுபடியும் உன்னை வெட்டணும் பாத்தியா. நான் குடுத்தது சரியில்ல" என்றார். கண்ணில் நீர். "நீங்க குடுத்தது பங்குனியில" என்றேன். "குடுத்துட்டீங்க, முடிஞ்சது. இப்போ அது என்னுது. என் பொருளை ஏன் சரியில்லைங்கீங்க?" அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, உன்னுதுதான்" என்றார், பிறகு அவருக்கே உரிய முறையில், "லைன்தான் பழுது. லைனை மாத்திட்டா சப்ளை வந்துரும்" என்றார். மதினி துண்டை அலசப் போயிருந்தாள். கொடுங்கள் என்று ஜெசிந்தா கேட்டும் கொடுக்கவில்லையாம்.

மறுநாள் காலையில் சாரலும் இல்லை, வெயிலும் இல்லை, மூடிய வானம். ஜெசிந்தா இரவுப் பணிக்காரியிடம் கேட்டு, தன் ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பே வந்து, என் வலப்பக்கத்தைச் சுத்தம் செய்தாள். "நேத்து நீங்க கத்துனது கீழ பார்மசி வரைக்கும் கேட்டுச்சாம்மா" என்று சிரித்தாள், அரைக்கணம் தாமதிக்காமல். டாக்டர் மன்சூர் பேனாவால் என் வயிற்றில் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். என் கணவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டுவிட்டு, நான் சாப்பிடக் கூடாது என்பதால் தானும் காப்பி வாங்காமல், மடித்த போர்வையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்துக் கட்டிலின்மேல் விரித்தார், நான் திரும்பி வந்து படுப்பதற்கு. மதினி பிளாஸ்க்கோடு தொட்டிக்குப் போய்க் கஷாயத்தைக் கொட்டி, வெந்நீர் விட்டு அலசி, அதில் தம்பிக்கு வெறும் வெந்நீர் பிடித்து வந்தாள். வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒருத்தி அவளிடம், "யாரு கிட்னிம்மா வச்சிருக்கு?" என்று கேட்பதும், மதினி முகமூடியை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, "அவளுதுதான்" என்று சொல்வதும் எனக்குக் கேட்டது. நான் தள்ளுவண்டியை வேண்டாம் என்றேன். மஞ்சள் துணிப்பையைக் கழற்றி மடித்துத் தலையணைமேல் வைத்துவிட்டு, என் மூத்திரப் பையை என் கையிலேயே, நாலு பேர் பார்க்கும்படி தூக்கிக்கொண்டு, தியேட்டர்வரை வராந்தா முழுவதும் நடந்து போனேன்.